சாக்கு வீரையன்

எல்லோருக்கும் வணக்கம். நல்லாயிருக்கீங்களா? இந்த அடைமழையில் குழந்தைகளுக்குச் சளி, இருமல் ஒன்றும் இல்லையே? இருந்தால் கற்பூரவள்ளி இலையை அனலில் வாட்டிப் பிழிந்து, இரண்டு சொட்டுத் தேனில் குழைத்துக் கொடுங்கள், கேட்கும். சின்னப் பிள்ளைகளை வீட்டிலேயே எப்படி விளையாட வைப்பது என்று போன தடவை எழுதியிருந்தேன் அல்லவா? அதைப் படித்துவிட்டு ஒரு பெண் கேட்டிருந்தாள்: "விளையாட்டெல்லாம் சரிதான். சோறு உள்ள இறங்க மாட்டேங்குதே, அதுக்கு என்ன கதை சொல்றது?" பதில் எழுத உட்கார்ந்தால் சௌந்தரநாயகிதான் முன்னால் வந்து நிற்கிறாள். முதலில் அவள் கதையைக் கேளுங்கள்.

கூத்தாநல்லூருக்குத் தெற்கே, வெண்ணாற்றுத் தண்ணீர் பாயும் ஒரு ஊரில் பஞ்சநாதன் என்று ஒரு மிராசுதார் இருந்தார். அவருடைய மனைவிதான் சௌந்தரநாயகி. கல்யாணமாகி வெகுகாலம் கழித்துப் பிறந்த ஒரே பிள்ளை தியாகு. கதை நடந்தபோது அவனுக்கு நாலு வயசு. அந்த ஊரில் அப்போது பால்வாடியும் கிடையாது, நர்சரியும் கிடையாது. அதனால் சௌந்தரம் வீட்டையே பள்ளிக்கூடம் ஆக்கிவிட்டாள். முறத்தில் நெல்லைப் பரப்பி, பிள்ளையின் விரலைப் பிடித்து அதில் வட்டம் போடுவாள், வாத்து போடுவாள். புளியங்கொட்டையும் வேப்பங்கொட்டையும் கலந்து வைத்துப் பிரிக்கச் சொல்வாள். வாய்க்கால் களிமண்ணில் மாடும் வண்டியும் பிடிப்பார்கள். அந்தக் களிமண்ணைக் கல் இல்லாமல் பிசைந்து கொண்டுவந்து தருகிறவன் வீரையன். பனை ஓலையில் காற்றாடி செய்து, கருவேல முள்ளில் குத்திக் கொடுக்கிறவனும் அவன்தான். பஞ்சநாதனின் வயலில் வேலை செய்கிறவன். அவன் மனைவி செவ்வந்தி அந்த வீட்டு மாட்டுக்கொட்டகையில் சாணி அள்ளுவாள்.

"சௌந்தரத்துக்கிட்ட புள்ளைய விட்டா பொழுது போறதே தெரியாது" என்று தெருவே சொல்லும். சௌந்தரத்துக்கும் அதில் கொஞ்சம் கர்வம் உண்டு.

ஆனால் ஒரு இடத்தில் மட்டும் அவள் வித்தை பலிக்கவில்லை. தியாகு சாப்பிட மாட்டான். வாயில் வாங்கிய பருப்புச் சோற்றைக் கன்னத்தில் அடக்கிக்கொண்டு, கோயில் யாளி மாதிரி உட்கார்ந்திருப்பான். நிலாவைக் காட்டியாயிற்று, காக்காயைக் கூப்பிட்டாயிற்று. ஒன்றுக்கும் அசைய மாட்டான்.

ஒரு ஐப்பசி மாதம் நல்ல மழை. கொல்லைப்பக்கம் உட்கார்ந்து அவள் ஊட்டிக்கொண்டிருந்தபோது, கோணிச் சாக்கின் ஒரு மூலையை இன்னொரு மூலைக்குள் மடித்துத் தலையில் கவிழ்த்துக்கொண்டு வீரையன் மாட்டுக்கு வைக்கோல் போட வந்தான். மழைக்கு வயலில் எல்லாரும் அப்படித்தான் போட்டுக்கொள்வார்கள். தியாகு அதுவரை பார்த்ததில்லை. தலையில்லாமல் ஒரு சாக்கு நடந்து வருகிற மாதிரி இருந்தது. பிள்ளையின் கண் விரிந்தது. அடக்கி வைத்திருந்த சோறு தானாக உள்ளே போயிற்று.

சௌந்தரம் விடுவாளா?

"அதோ பார், சாக்கு வீரையன் வரான்! சாப்புடாத புள்ள இங்க இருக்கான்னு பாக்க வரான்!"

ஆ என்று வாய் திறந்தது. அன்றைக்குக் கிண்ணம் காலி.

அதற்கப்புறம் கதை நாளுக்கு நாள் வளர்ந்தது. சாக்கு வீரையன் வருவான். சாக்கை விரிப்பான். சாப்பிடாத பிள்ளையை உள்ளே போட்டு வாயைக் கட்டுவான். வயலுக்குத் தூக்கிக்கொண்டு போய் நாற்று மாதிரி நடுவான். தண்ணீர் கட்டுவான். தலையில் கதிர் வரும். கதிர் முற்றியதும் அரிவாளைத் தீட்டி அறுப்பான். ஒவ்வொரு வரிக்கும் ஒரு வாய்ச் சோறு. கடைசி வரி முடியும்போது கிண்ணமும் துடைத்த மாதிரி இருக்கும்.

ஒருநாள் வீரையன் காதிலேயே விழுந்துவிட்டது. சௌந்தரத்துக்குச் சங்கடமாகப் போய்விட்டது. அவனோ சிரித்துக்கொண்டு, கொட்டகைக்குள்ளிருந்தே குரலைக் கனமாக்கி, "யாரு வூட்டுல சோறு சாப்புடாத புள்ள இருக்கு? சாக்கு காலியா கெடக்கு!" என்று ஒரு இருமல் இருமினான். தியாகு மூன்று வாயை ஒன்றாக விழுங்கினான்.

"இருக்கட்டும்மா, புள்ள சாப்புட்டாச் சரி" என்று போய்விட்டான் வீரையன்.

மறுவருஷம் குறுவை அறுப்புக்கு வந்தது. கழக ஆட்சி வந்து கொஞ்ச காலம் ஆகியிருந்தது. ஊருக்கு ஊர் சிவப்புக்கொடி பறந்த நேரம். கூலி நெல்லைக் கூட்டிக் கொடுத்தால்தான் அரிவாள் எடுப்போம் என்று வீரையன் தெருவில் எல்லாரும் சொல்லிவிட்டார்கள். பஞ்சநாதனை "ஆண்டை" என்று கூப்பிடுவதை வீரையன் நிறுத்தி, "ஐயா" என்று கூப்பிட ஆரம்பித்தான். பஞ்சநாதனுக்குக் கூலியைவிட அதுதான் அதிகம் கடுத்தது. பண்ணையை மேற்பார்க்கும் காரியக்காரர் பக்கிரி வெளியூரிலிருந்து லாரியில் ஆட்களைக் கொண்டுவந்து இறக்கினார். மழை ஒரு பக்கம் மிரட்டியது. இன்னும் கொஞ்சம் நனைந்தால் கதிர் வயலிலேயே முளைத்துவிடும். ஆள் ஆளைப் பார்த்தால் முறைக்கிற காலமாக இருந்தது.

அப்படி ஒரு மத்தியானம் தியாகுவின் காற்றாடி காற்றில் பிடுங்கிக்கொண்டு பறந்தது. பிள்ளை அதன் பின்னால் கொல்லைப் படலைத் தள்ளிக்கொண்டு ஓடிவிட்டான். சௌந்தரம் உள்ளே வடகத்தை மழைக்கு எடுத்துவைத்துக்கொண்டிருந்தாள். படல் திறந்து கிடந்ததைப் பார்த்துவிட்டு அவள் வாசலுக்கும் கொல்லைக்கும் ஓடுவதற்குள், தெருக்கோடியில் பிள்ளையின் அலறல் கேட்டது.

நடந்தது இதுதான். வாய்க்காலில் விழுந்த பிள்ளையை வீரையன்தான் குதித்துத் தூக்கினான். பிள்ளை நடுநடுங்கிற்று. குதிக்குமுன் தலையிலிருந்து கழற்றிக் கரையில் போட்ட தன் சாக்கின் உள்பக்கம் கொஞ்சம் காய்ந்திருந்ததால் அதில் சுற்றித் தோளில் போட்டுக்கொண்டு வீட்டைப் பார்த்து நடந்தான். அதுவரை விறைத்துப்போயிருந்த தியாகு கண்ணைத் திறந்து பார்த்தான். சாக்கு. வீரையன். உள்ளே தான்.

"சாக்குல போட்டுட்டான்! அம்மா! என்னைய வயல்ல நடப் போறான்! அறுக்கப் போறான்!"

எதிரே பக்கிரியும் லாரி ஆட்களும் வந்துகொண்டிருந்தார்கள். வேலை நிறுத்தம் செய்கிறவன், பண்ணை வீட்டுப் பிள்ளை, சாக்கு, அலறல். யாரும் எதையும் கேட்கவில்லை. சௌந்தரம் ஓடிவந்து பிள்ளையைப் பிடுங்கிக்கொண்டபோது வீரையன் சேற்றில் கிடந்தான். அவன் வலது கை மணிக்கட்டு, மடங்கக்கூடாத பக்கம் மடங்கியிருந்தது.

"தண்ணியில கெடந்துச்சும்மா" என்றான் அவளைப் பார்த்து. அவ்வளவுதான் சொல்ல விட்டார்கள்.

போலீஸ் வந்தது. சப்-இன்ஸ்பெக்டர் கூடத்தில் நாற்காலியில் உட்கார்ந்தார். துவட்டி, விபூதி பூசி, பஞ்சநாதனின் மடியில் உட்கார வைத்திருந்த தியாகுவைக் கேட்டார்.

"வீரையன் என்னப்பா பண்ணான்?"

"சாக்க விரிச்சான். உள்ள போட்டு வாயக் கட்டுவான். தூக்கிட்டுப் போயி நடுவான்."

"அப்புறம்?"

"தலையில கதிர் வந்ததும் அறுப்பான்."

"பாத்தீங்களா சார்!" என்று பக்கிரி குதித்தார். "தலைய அறுக்கறதுக்குத் திட்டம் சார்! புள்ள வாயால வருது!"

சமையற்கட்டு நிலைப்படியில் நின்று சௌந்தரம் கேட்டுக்கொண்டிருந்தாள். ஒவ்வொரு வரியும் அவள் வரி. அவள் நிறுத்துகிற இடத்தில் பிள்ளை நிறுத்தினான். 'கதிர்' என்று அவள் இழுக்கிற மாதிரியே இழுத்தான். சொல்லிவிட வேண்டும் என்று ஒரு அடி எடுத்து வைத்தாள்.

"சௌந்தரம், சாருக்குக் காப்பி கொண்டா" என்றார் பஞ்சநாதன்.

அவள் காப்பி போடப் போனாள். டவராவை வைக்கும்போது சொல்லிவிடலாம் என்று நினைத்துக்கொண்டே பாலைப் பொங்க வைத்தாள். காப்பியோடு வந்தபோது அவர்கள் எழுதி முடித்துவிட்டு, மழை எப்போது விடும் என்று பேசிக்கொண்டிருந்தார்கள். சர்க்கரை போதுமா என்று மட்டும் கேட்டாள்.

சாயங்காலம் புருஷனிடம் சொன்னாள். "ஏங்க, அது நான் சொல்ற கதைங்க. சோறூட்ட நான்தான் சொல்லிக் குடுத்தேன். வீரையன் பாவங்க."

பஞ்சநாதன் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார்.

"கதைதானா? நல்லதாப் போச்சு. இது நமக்குள்ளயே இருக்கட்டும். அறுப்பு முடியற வரைக்கும் அவன் உள்ள கெடக்கட்டும். அவன் இல்லாட்டி அந்தத் தெருவுல எவனும் நிமிர மாட்டான். அப்புறம் நானே போய்ச் சொல்லி எடுத்து வுட்டுடறேன். போதுமா?"

போதும் என்றுதான் சௌந்தரத்துக்கு அன்று தோன்றிற்று. அவரே எடுத்துவிடுவார், நாலு நாளில் வந்துவிடுவான், நாம் ஏன் கூடத்தில் போய் நிற்க வேண்டும்? தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டு பிள்ளைக்கு வெந்நீர் வைத்தாள். பிற்காலத்தில் அவள் எதை நினைத்தாவது நெஞ்சில் கை வைத்துக்கொண்டாள் என்றால், அது அந்தப் 'போதும்'தான்.

வயலில் வெளியூர் அரிவாள்கள் இறங்கின. வீரையன் தெருவில் சத்தம் இல்லை. செவ்வந்தி வழக்கம்போல் வந்து கொட்டகையில் சாணி அள்ளினாள். வராவிட்டால் அடுப்பு எரியாது. அவள் ஏதாவது கேட்டால் தேவலை என்று சௌந்தரம் கொல்லையிலேயே சுற்றி வந்தாள். அவள் கேட்கவில்லை.

ஒருநாள் மத்தியானம் தியாகு பழையபடி சோற்றைக் கன்னத்தில் அடக்கினான். சௌந்தரத்தின் நாக்கு பழக்கதோஷத்தில், "சாக்கு..." என்று ஆரம்பித்து, அப்படியே நின்றது.

கொட்டகைக்குள் துடைப்பச் சத்தம் நின்றது.

"ஏம்மா நிறுத்திட்டீங்க?" என்றாள் செவ்வந்தி உள்ளேயிருந்தே. "சொல்லுங்க. தெனம் கேக்குற கதைதானே."

சௌந்தரம் கிண்ணத்துச் சோற்றையே பிசைந்துகொண்டிருந்தாள்.

செவ்வந்தி சாணிக் கையோடு வெளியே வந்து நின்றாள். குரல் உயரவில்லை.

"எங்க தெருவுலயும் இந்தக் கதைதாம்மா. பேருதான் வேற. 'பக்கிரி வராரு, தடியோட வராரு'ன்னா எம்புள்ள ரெண்டு வாய் கூட வாங்கிக்கும். ஆனா எம்புள்ள சொல்லுச்சுன்னு பக்கிரிய எந்தப் போலீசும் புடிக்காது."

"அறுப்பு முடிஞ்சதும் ஐயா எடுத்து வுட்டுடறேன்னு சொல்லியிருக்காங்க செவ்வந்தி..."

சொன்ன பிறகுதான், தான் என்ன சொல்லிவிட்டோம் என்று அவளுக்கு உறைத்தது.

"ஓ" என்றாள் செவ்வந்தி. "அப்ப ஐயாவுக்கும் தெரியும்." கொஞ்ச நேரம் கையிலிருந்த சாணியைப் பார்த்தாள். "கைக்கு இன்னும் கட்டுப் போடலியாம்மா. நேத்திக்குப் பாத்துட்டு வந்தேன். வீங்கி, சொரக்கா மாதிரி இருக்கு. இந்தக் கதைய எங்கிட்ட சொல்லி என்ன, அங்க சொல்லுங்க."

திரும்பிப் போய்ப் பெருக்க ஆரம்பித்துவிட்டாள்.

மறுநாள் அறுவடைப் பந்தோபஸ்துக்கு வந்த சப்-இன்ஸ்பெக்டருக்குப் பஞ்சநாதன் வீட்டில் சாப்பாடு. கூடத்தில் தலைவாழை இலை போட்டு, இரண்டு பேரும் உட்கார்ந்தார்கள். சௌந்தரம் பரிமாறினாள். சாம்பார் ஊற்றினாள், அப்பளம் வைத்தாள். பிறகு உள்ளே போய் வெள்ளிக் கிண்ணத்தில் பருப்புச் சோற்றைப் பிசைந்து எடுத்துக்கொண்டு, தியாகுவைக் கையில் பிடித்துக்கொண்டு வந்து அந்தக் கூடத்திலேயே, தூண் ஓரமாக உட்கார்ந்தாள். விருந்தாளி சாப்பிடுகிற இடத்தில் அந்த வீட்டுப் பெண்கள் உட்கார்ந்த வழக்கமே கிடையாது.

"என்ன இது? உள்ள கொண்டு போ" என்றார் பஞ்சநாதன்.

அவள் அவரைப் பார்க்கவில்லை. பார்த்தால் எழுந்து போய்விடுவாள் என்று அவளுக்கே தெரியும். ஒரு உருண்டையை எடுத்தாள்.

"சாக்கு வீரையன் வருவான்..."

தியாகு வாயைத் திறந்தான். வாங்கிக்கொண்டு, "சாக்க விரிப்பான்" என்றான் தானாகவே.

"சாப்புடாத புள்ளைய..."

"உள்ள போட்டு வாயக் கட்டுவான்."

"தூக்கிட்டுப் போயி..."

"நாத்து மாதிரி நடுவான். தண்ணி கட்டுவான். தலையில கதி...ர் வரும். அருவாள தீட்டி அறுப்பான். அம்மா, தண்ணி."

சப்-இன்ஸ்பெக்டரின் கை இலையிலேயே நின்றுவிட்டது.

"எப்பலேருந்தும்மா இந்தக் கதை?"

"போன வருச ஐப்பசியிலேருந்து சார். தெனம் ரெண்டு வேள. நான்தான் கட்டிவுட்டேன். அவனுக்கும் தெரியும், அவனும் சிரிச்சுட்டுப் போயிட்டான். அவன் மேல ஒரு தப்பும் இல்ல. அன்னைக்கே சொல்லியிருக்கணும். சொல்லல."

"சௌந்தரம்!" என்றார் பஞ்சநாதன்.

"இருங்க சார்" என்று அவரைக் கையமர்த்திவிட்டு, சப்-இன்ஸ்பெக்டர் பிள்ளையின் பக்கம் திரும்பினார். "தம்பி, கதை வேணாம். அன்னைக்கு மழையில நீ எங்க இருந்தே?"

"தண்ணியில. காத்தாடி போயிடுச்சு."

"வீரையன் வந்தானா?"

"தூக்குனான்."

"தூக்கிட்டு உங்கிட்ட என்ன சொன்னான்?"

தியாகு யோசித்தான். அதுவரை அந்தக் கேள்வியை யாரும் அவனிடம் கேட்டதில்லை.

"'குளிருதா கண்ணு'ன்னான்."

சப்-இன்ஸ்பெக்டர் மோருக்குக் காத்திராமல் இலையை மடித்தார். கை கழுவும்போது, "இனிமே இந்தக் கேஸு நிக்காதுங்க" என்று மட்டும் பஞ்சநாதனிடம் சொன்னார்.

விளக்கு வைக்கிற நேரத்துக்கு வீரையனை விட்டுவிட்டார்கள். அவன் ஊருக்குள் நடந்து வந்தபோது பஞ்சநாதனின் களத்தில் கடைசிக் கட்டு அடித்துத் தூற்றிக்கொண்டிருந்தார்கள். பழைய கூலிக்கே அறுப்பு முடிந்துவிட்டது. பஞ்சநாதன் தை வரைக்கும் மனைவியிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. சௌந்தரத்துக்கு அது உறைக்கக்கூட இல்லை. மன்னார்குடியில் வைத்தியம் பார்க்க அவள் வளையலைக் கழற்றிச் செவ்வந்தியிடம் நீட்டினாள். செவ்வந்தி வாங்கவில்லை. "எங்க ஆளுங்களே பாத்துக்குறாங்கம்மா" என்றுவிட்டாள். கட்டுப் போட்டார்கள், ஆனால் எலும்பு கோணலாகவே கூடிவிட்டது. அந்தக் கையால் அரிவாள் பிடித்தால் பிடி நிற்காது. வீரையன் மாடு மேய்க்கவும் மடை பார்க்கவும் போனான்.

கார்த்திகையில் ஒருநாள் மழையில் கொல்லை வழியாகப் போனவன், சௌந்தரத்தைப் பார்த்ததும் நின்றான். மன்னிப்புக் கேட்கவேண்டும் என்று எத்தனையோ நாளாக அவள் மனசுக்குள் ஒத்திகை பார்த்து வைத்திருந்தாள். அவன்தான் முதலில் பேசினான்.

"தண்ணியில கெடந்த புள்ள. சளி கிளி புடிக்கலியேம்மா?"

"இல்ல வீரையா" என்றாள். அவன் தலையிலிருந்து தண்ணீர் சொட்டுவதைப் பார்த்து, "ஏன் இப்படி நனையறே, சாக்கு எங்க?" என்று கேட்டாள்.

"இந்தப் பக்கம் வந்தா போட்டுக்கறதில்லம்மா. புள்ள பயந்துக்கும்."

சொல்லிவிட்டு, கோணக் கையை மார்போடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு மழையில் போனான்.

அன்று மத்தியானம் அவள் புதுக்கதை ஒன்று கட்டிப் பார்த்தாள். "ஒரு ஊர்ல சாக்கு வீரையன் இருந்தானாம். யாரு தண்ணியில வுழுந்தாலும் குதிச்சுத் தூக்குவானாம். குளிருதா கண்ணுன்னு கேட்டு..."

தியாகு அவள் வாயைப் பொத்தினான்.

"வேணாம்மா. சொல்லாத. நானே சாப்புட்டுடறேன்."

கிண்ணத்தை இழுத்து மடியில் வைத்துக்கொண்டு, மெல்லாமல், தண்ணீர்கூடக் குடிக்காமல், வாய் வாயாக அள்ளிப் போட்டுக்கொண்டான். கொல்லையில் யாரோ இருமினார்கள். பிள்ளை இன்னும் வேகமாகச் சாப்பிட்டான். அவன் ஒரு பருக்கை மிச்சம் வைக்காமல் சாப்பிடுவதைப் பார்த்துக்கொண்டு சௌந்தரநாயகி வெறும் கையோடு உட்கார்ந்திருந்தாள்.

சோறு இறங்க என்ன கதை என்று கேட்ட பெண்ணே, உனக்கு என்ன சொல்ல? காக்காயைச் சொல், நரியைச் சொல், நிலாவைச் சொல். தெருவில் நடந்து போகிற மனுஷர் பேரைச் சொல்லாதே. சரி, நீங்கள் எல்லாரும் சொல்லுங்கள். உங்கள் வீட்டில் சோறூட்ட யாரைக் காட்டிப் பயமுறுத்தினார்கள்? பால்காரரா, பழைய பேப்பர்க்காரரா, பக்கத்து வீட்டுத் தாடிக்காரரா? அவருக்கு அது தெரியுமா? பிற்பாடு அவர் முகத்தைப் பார்த்துச் சிரிக்க உங்களால் முடிந்ததா? ஒளிக்காமல் எழுதுங்கள். ஒன்று விடாமல் படிக்கிறேன்.